தெற்கே சிவந்த வானம்

துருவக் குளிர்காலத்தில் எங்கள் தீவில் நண்பகலும் இருட்டுதான். தினமும் அந்நேரம் வானிலை நிலையத்து வானொலியில் என் கணவன் எய்லர்ட்டுடன் பேசுவேன். உறைந்த வளைகுடாவுக்கு அப்பால், நரிவேட்டைக் குடிலில் அவன் தங்கியிருந்தான்.

"நாய்ங்க சரியா சாப்பிடல, குட்வெய்க். ராத்திரியெல்லாம்..."

எய்லர்ட்டின் குரல் தேய்ந்து மறைந்தது. யாருமே பேசாத அலைவரிசையிலும் மழை தூறுவதுபோல ஓர் இரைச்சல் கேட்கும். அதுவும் அடங்கிப்போயிற்று.

"சூரியன் வெடிச்சிருக்கு" என்றான் சமையல்கார ஹால்ஃப்தான். "துகளெல்லாம் துருவத்துல கொட்டுது. உன் புருஷன் புலம்பல அது முழுங்கிடுச்சு. நமக்குக் கொஞ்சம் நிம்மதி."

மறுநாளும் கருவி ஊமையாகவே இருந்தது. வெளியே வந்தோம். எப்போதும் தலைக்கு மேல் பச்சையாக அசையும் துருவ ஒளி அங்கில்லை. உச்சிவானம் கரியாகக் கிடந்தது. ஒளி முழுவதும் தெற்கே இறங்கி, பனிமூட்டத்துக்குப் பின்னால் அடிவானம் இரத்தச் சிவப்பாகத் துடித்தது. உள்ளே மேசைமேல் திசைகாட்டி முள் ஓரிடத்தில் நிற்காமல் அலைந்தது.

ஹால்ஃப்தானின் கேலி நின்றுவிட்டது. "குடில்லேருந்து பார்த்தா எப்படித் தெரியும் இது?"

பேச்சு பாதியில் அறுந்திருக்கிறது. இப்போது வானம் சிவக்கிறது. நிலையம் தீப்பற்றி எரிவதாகத்தான் எய்லர்ட் நினைப்பான். குடிலிலிருந்து நாங்கள் மேற்கே. தெற்கே உறையாத கடல். திசைகாட்டியும் அலைவதால், அந்தச் சிவப்பை நம்பியே நாய்வண்டியை ஓட்டுவான்.

டீசல் பீப்பாயைக் குன்றுக்கு உருட்டி ஏற்றிக் கொளுத்தினோம். துப்பாக்கியால் வானைச் சுட்டுக்கொண்டே இருந்தோம். கை மரத்துப்போனபோது, எங்கள் கரையோரப் பனியில் நாய்கள் குரைத்தன.

முழங்கால்வரை உறைந்த உடையோடு எய்லர்ட் வந்தான். கடலோரப் பனி விளிம்பில் வண்டி நாய்கள் படுத்துவிட்டனவாம். அடித்தும் எழவில்லை. அவன் மட்டும் இறங்கி நடந்து, கால் தண்ணீரில் போனபோது வெடிச்சத்தம் கேட்டுத் திரும்பினானாம்.

அடுப்பருகே உட்காரவைத்தேன். நடுங்கியபடி என்னையே பார்த்தான்.

"நீ ஏன் அங்க நின்னே?"

"எங்கே?"

"தெற்கே, அந்தச் செந்நெருப்புக்கு முன்னாடி. ஹால்ஃப்தானும் இருந்தான். ரெண்டு பேரும் கையசைச்சு என்னைக் கூப்பிட்டீங்க."

"அது ஒளிக்கீற்றுப்பா. அப்படித்தான் ஆடும்" என்றேன்.

"இருக்கலாம்" என்றான். "ஆனா நீ என் பேரச் சொன்னே."

ஹால்ஃப்தான் எழுந்துபோய் தெற்குச் சன்னல் திரையை இழுத்து மூடினான்.