விசாரித்து எடுத்த வண்டி

சேதுபதியைப் பொறுத்தவரை உலகத்தில் இரண்டே வகை மனிதர்கள்தான். சொந்தக்காரர்கள் ஒரு வகை. அவர்களிடம் எதையும் கேட்கக் கூடாது, கேட்டால் தப்பாக நினைத்துக்கொள்வார்கள். மற்றவர்கள் இன்னொரு வகை. அவர்களிடம் எல்லாவற்றையும் கேட்க வேண்டும், கேட்காவிட்டால் தலையில் மிளகாய் அரைத்துவிடுவார்கள். துறைமுகக் கிடங்கில் ஸ்டோர்கீப்பர் வேலை அவருக்கு. ஆணி வந்தாலும் கயிறு வந்தாலும் பிரித்துப் பார்த்து, உலுக்கிப் பார்த்து, கொண்டுவந்தவனையும் மேலும் கீழும் பார்த்த பிறகுதான் உள்ளே விடுவார். அவர் மனைவி பாக்கியலட்சுமி அவருக்குத் தாய்மாமன் மகள். சொந்தம் என்பதால் அவளிடமும் அவர் எதையும் கேட்பதில்லை.

மெட்ராஸிலிருந்து வந்த விமானம் வழியில் எஞ்சின் கோளாறு என்று படுத்துக்கொண்டதால், சிங்கப்பூரின் பாய லேபார் விமான நிலையத்தில் அவர்கள் இறங்கியபோது ஊர் அடங்கிவிட்டிருந்தது. சிங்கப்பூர் தனி நாடாகி அடுத்த வருஷத்து ஜூன் லீவு அது. சேதுபதி கைவீசி முன்னால் நடந்தார். பதினான்கு வயது அழகப்பன் பெட்டிகளோடு மல்லுக்கட்டிக்கொண்டு பின்னால் வந்தான். ஊறுகாய் ஜாடியை இடுப்பில் இடுக்கியபடி பாக்கியலட்சுமி வந்தாள். எல்லாருக்கும் பின்னால், யாரோடும் சேராமல், மூத்தவள் சந்திரமதி வந்தாள். பதினாறு முடிந்து ஆறு மாதம்தான் ஆகிறது. மெட்ராஸை விட்டுக் கிளம்பியதிலிருந்து அவள் வாயைத் திறக்கவில்லை.

அவள் வாயடைத்துப் போனதற்குக் காரணம் இருந்தது. புரசைவாக்கத்தில் சேதுபதியின் அக்கா வீட்டில் காப்பி ஆறுவதற்குள் அவள் கல்யாணம் பேசி முடிந்திருந்தது. மாப்பிள்ளை அக்காவின் மகன் குணசீலன். சேதுபதி அவனைக் கடைசியாகப் பார்த்தபோது அவன் அரைஞாண் கயிறு மட்டும் கட்டியிருந்தான். இப்போது மீசை வைத்திருந்தான். காலை பத்து மணிக்கு அவன் கண் இரண்டும் சிவந்து கிடந்ததை பாக்கியலட்சுமி பார்த்தாள். என்ன வேலை என்றதற்கு "கம்பெனியில" என்றான். எந்தக் கம்பெனி என்று கேட்க அவள் வாயெடுத்தாள்.

"நம்ம பையன்கிட்ட அதெல்லாம் என்ன கேள்வி?" என்று சேதுபதி அவளை அடக்கிவிட்டு அக்காவிடம் திரும்பினார். "தை மாசம் வச்சுக்கலாம்க்கா. நான் போன மறுநாளே லீவு கேட்டு, தேதி போட்டு தந்தி அடிச்சிடறேன்."

அந்த மறுநாள் இன்னும் சில மணி நேரத்தில் விடியப் போகிறது. தந்தி போய்விட்டால் அப்புறம் அதை யாரும் திருப்பி வாங்க முடியாது. வருஷக் கடைசியில் பரீட்சை எழுதி, டீச்சர் வேலைக்குப் படிக்கப் போகிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்த பெண், கடல் தாண்டி அந்தச் சிவந்த கண்ணுக்குச் சோறு போடப் போய்விடுவாள். விமானம் முழுக்க பாக்கியலட்சுமிக்கு இதே நினைப்புதான். 

சேதுபதிக்கு வேறு கவலை. வீட்டுக்கு எந்த டாக்சியில் போவது?

அவரோடு வேலை பார்க்கும் மாணிக்கம் ஒரு கதை சொல்லியிருந்தார். லைசென்ஸ் இல்லாத பைரட் டாக்சி ஒன்றில் ராத்திரி நேரத்தில் ஏறிய ஒரு குடும்பத்தை எங்கேயோ ரப்பர் தோட்டத்தில் இறக்கிவிட்டு, மூட்டை முடிச்சோடு பறந்துவிட்டானாம். மாணிக்கம் சொல்கிற கதைகளில் பாதிக்கு மேல் அவர் மண்டையில் விளைந்தவை. ஆனாலும் சேதுபதிக்குக் கிலி பிடித்துவிட்டது.

"வயசுப் பொண்ணு கூட வருது. கண்ட வண்டியில ஏத்த முடியாது. நான் பாத்து எடுக்கிறேன், எல்லாரும் இங்கயே நில்லுங்க," என்று குடும்பத்தைத் தூணோரம் நிறுத்திவிட்டு, வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு களத்தில் இறங்கினார்.

முதலில் வந்தவன் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு வந்த ஓர் இளவட்டம். "டவுன்? சிராங்கூன்?" என்றான். லைசென்ஸைக் காட்டு என்றார் சேதுபதி. அவன் சிரித்தான். அவர் சிரிக்கவில்லை. அவன் அடுத்த ஆளைப் பார்க்கப் போய்விட்டான்.

அடுத்து மஞ்சள் கூரை போட்ட முறையான டாக்சி. ஓட்டுநர் வயதான சீனர், பார்த்தால் சாது. சேதுபதி கடைத்தெரு மலாயில் விசாரணையை ஆரம்பித்தார். கல்யாணம் ஆகிவிட்டதா, எத்தனை பிள்ளைகள், பெரியவன் என்ன செய்கிறான்? சீனர் பொறுமையாகத்தான் பதில் சொன்னார். குடித்திருக்கிறாரா என்று தெரிந்துகொள்ள சேதுபதி முகத்தருகே மூக்கைக் கொண்டுபோனதும் கதவைப் படாரென்று சாத்திக்கொண்டு கிளம்பிவிட்டார்.

மூன்றாவது ஆள் நெற்றி நிறைய விபூதியோடு, "வாங்கண்ணே, நம்ம ஊர் ஆளா?" என்று பல்லெல்லாம் தெரிய வரவேற்றான். அழகப்பன் பெட்டியைத் தூக்கிவிட்டான்.

"வை கீழே," என்றார் சேதுபதி. "இவ்வளவு தேனா பேசறவனை நம்பக் கூடாது. விபூதியை யார் வேணும்னாலும் பூசிக்கலாம்."

"டாட், கால் வலிக்குது லா. மூணு பேர்ல ஒருத்தரை எடுத்தா என்ன?" என்றான் அழகப்பன்.

"உங்க அக்காவை நம்பி ஒப்படைக்கிறோம்டா. விளையாட்டா?"

பாக்கியலட்சுமி ஜாடியை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றினாள். அவளுக்கு ஒரு பக்கம் சிரிப்பாக வந்தது, இன்னொரு பக்கம் பற்றிக்கொண்டு வந்தது.

நாலாவதாக அகப்பட்டவர் சாகுல் ஹமீது. முப்பது வயதிருக்கும். மஞ்சள் கூரை வண்டிதான். சேதுபதி முதலில் டயரை உதைத்துப் பார்த்தார். முன்விளக்கைப் போடச் சொன்னார், அணைக்கச் சொன்னார். லைசென்ஸில் இருந்த படத்தையும் முகத்தையும் விளக்கடியில் வைத்து ஒப்பிட்டார்.

"குடிப்பியா தம்பி?"

"ஹராம் அண்ணே."

"கோபம் வருமா?"

"இப்பத்தான் லேசா வர்ற மாதிரி இருக்கு."

"வேலை முடிஞ்சா நேரா வீட்டுக்குப் போவியா, இல்ல எங்கயாவது சுத்துவியா?"

"வீட்டுக்குத்தாண்ணே."

"சம்பாதிக்கிறது வீட்டுக்கு வருதா?"

"என் சம்சாரத்தைக் கேளுங்க, இல்லேன்னுதான் சொல்லும்."

தூணோரம் நின்று பாக்கியலட்சுமி எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தாள். அடடா, கேள்வி கேட்கத் தெரியாத மனுஷன் என்றல்லவா இத்தனை வருஷமும் நினைத்திருந்தேன் என்று நினைத்தாள். குடிப்பியா, கோபம் வருமா, ராத்திரி வீடு திரும்புவியா. ஒன்றுகூட விட்டுப் போகவில்லை. இதில் ஒரு கேள்வியை, ஒன்றே ஒன்றை, புரசைவாக்கத்தில் கேட்டிருக்கக் கூடாதா? அவள் மகளைத் திரும்பிப் பார்த்தாள். சந்திரமதியும் அப்பாவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். கண் கலங்கியிருக்கவில்லை. அது பாக்கியலட்சுமியை இன்னும் பயமுறுத்தியது.

"சிராங்கூன் ரோட்டில உன்னைத் தெரிஞ்ச ஆள் ஒருத்தர் பேர் சொல்லு," என்றார் சேதுபதி கடைசியாக.

சாப்பாட்டுக் கடை ஒலி முகம்மதுவைத் தெரியும் என்றார் சாகுல் ஹமீது. சேதுபதி போன் பெட்டிக்குள் போனார். கடை மூடிவிட்டு இலைக்கட்டை எண்ணிக்கொண்டிருந்த ஒலி முகம்மது, சாகுல் தங்கமான பிள்ளை என்று சான்று சொன்னார். இதைக் கேட்கவா இந்நேரத்தில் கூப்பிட்டீர் என்றும் கேட்டார். சேதுபதி அந்த இரண்டாவது பகுதியைக் காதில் வாங்காமல் வெற்றியோடு வெளியே வந்தார்.

"ஏறுங்க எல்லாரும். இனிமே கண்ணை மூடிட்டுத் தூங்கலாம்."

வண்டி மெக்பர்சன் ரோட்டில் திரும்பியது. முன்னால் சேதுபதியும் ஓட்டுநரும். பின்னால் மற்ற மூவர். சேதுபதி ஒரு கண்ணை ரோட்டிலும் ஒரு கண்ணை வேகமானியிலும் வைத்திருந்தார்.

சாகுல் ஹமீது நல்ல மனசுக்காரர். விசாரணைக் கசப்பை மனதில் வைத்துக்கொள்ளாமல் பேச்சுக் கொடுத்தார். "அண்ணே, பொண்ணு கொடுக்கிற வீட்டுல கூட என்னை இந்தக் கேள்வி கேக்கல லா. மாப்பிள்ளை பாக்கிற மாதிரியில்ல பாத்துட்டீங்க."

அழகப்பன் களுக்கென்று சிரித்துவிட்டு, அக்காவைப் பார்த்ததும் வாயைப் பொத்திக்கொண்டான்.

பாக்கியலட்சுமி பேசினாள். அவள் பேசுவாள் என்று அவளே எதிர்பார்க்கவில்லை.

"அப்படி இல்ல தம்பி. எங்க வீட்டுல மாப்பிள்ளைக்கு ஒரு கேள்வியும் கிடையாது. டாக்சிக்குத்தான் இவ்வளவும். அஞ்சு மைல் போற வண்டி பாருங்க, ஜாக்கிரதையா இருக்கணும். ஆயுசு பூரா போற வண்டின்னா, யார் ஓட்டினா என்ன?"

சேதுபதி மெதுவாகத் திரும்பினார். "என்ன பேச்சு இது, வெளி ஆள் முன்னாடி?"

"வெளி ஆளா? இவரைப் பத்தித்தான் நமக்கு எல்லாம் தெரியுமே. அந்தப் பையன் எந்தக் கம்பெனின்னுதான் தெரியாது."

"அது வேற, இது வேற. அது நம்ம ரத்தம். எங்க அக்காகிட்ட போய் உன் மகன் குடிகாரனான்னு கேக்கச் சொல்றியா? மூஞ்சியில முழிக்க முடியுமா?"

"கேக்காம விட்டுட்டு நாளைக்கு இவ மூஞ்சியில எப்படி முழிப்பீங்க?"

சேதுபதி முன்பக்கம் திரும்பிக்கொண்டார். சாகுல் ஹமீது ரோட்டை அவ்வளவு கவனமாகப் பார்த்து ஓட்டியது சேதுபதியின் எச்சரிக்கைக்காக இல்லை. வண்டி பெருமாள் கோயிலைத் தாண்டி, டன்லப் ஸ்திரீட்டுக்குள் நுழைந்து, அவர்கள் குடியிருந்த கடைவீட்டின் முன் நின்றது. சேதுபதி இறங்கினார். அழகப்பன் பெட்டிகளை ஐந்தடி நடைபாதையில் இறக்கி வைத்தான். பாக்கியலட்சுமி கதவைத் திறந்து ஒரு காலைத் தரையில் வைத்தாள்.

"நான் இறங்கல," என்றாள் சந்திரமதி.

மெட்ராஸிலிருந்து பேசாமல் வந்த குரல், கரகரத்து வந்தது.

"தந்தி அடிக்க மாட்டேன்னு சொல்லுங்கப்பா. இறங்கறேன்."

"சந்திரா, அசிங்கம் பண்ணாதே. நடுராத்திரியில பொம்பளைப் பிள்ளை டாக்சியில உட்கார்ந்துகிட்டு..."

"நீங்க விசாரிச்சு எடுத்த வண்டிதானே? குடிக்க மாட்டாரு, கோபப்பட மாட்டாரு. விடிய விடிய உட்கார்ந்தாலும் ஒண்ணும் ஆகாது."

சேதுபதி வண்டியைப் பார்த்தார். அவருடைய சொந்தச் சரக்கு, அவரே பிரித்து உலுக்கிப் பார்த்தது. குறை சொல்ல வழியில்லை. சத்தம் போட்டால் தெருவே விழித்துக்கொள்ளும். சாகுல் ஹமீது வண்டியை அணைத்துவிட்டு இறங்கி, எதிர்ப் பக்கத்து மூடிய கடையின் பெயர்ப்பலகையை ஆர்வமாகப் படிக்கத் தொடங்கினார்.

"பாக்கியம், நீ இறங்கி அவளையும் இழுத்துட்டு வா," என்றார் சேதுபதி, பல்லைக் கடித்துக்கொண்டு.

பாக்கியலட்சுமி தரையில் வைத்திருந்த தன் காலைப் பார்த்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவர் சொல்லைத் தட்டியதில்லை. தட்டினால் என்ன ஆகும் என்பதும் அவளுக்குத் தெரியாது. காலை உள்ளே எடுத்துக்கொண்டாள். கதவைச் சாத்திக்கொண்டாள். சந்திரமதி அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். 

மேலே எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது. தங்கம் தலையை நீட்டினாள். அந்த ஜன்னல் வழியாக உள்ளே போகிற சேதி, காலையில் தெருவின் இரண்டு கோடியிலும் கிடைக்கும்.

"சேதுபதி அண்ணனா? இப்பத்தான் வர்றீங்களா? அவங்க ரெண்டு பேரும் ஏன் வண்டிக்குள்ளயே இருக்காங்க?"

"ஒண்ணுமில்லம்மா. சாமான் இறக்கறோம்."

"பொண்ணுக்கு இடம் பாக்கப் போனீங்களே, முடிஞ்சுதா?"

சேதுபதி ஜன்னலைப் பார்த்தார். சாத்திய கார்க் கதவைப் பார்த்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இரண்டு முகங்கள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தன. முடிந்தது என்று சொன்னால் அவர்கள் இறங்கப் போவதில்லை. அவர்கள் ஏன் இறங்கவில்லை என்று தங்கம் அடுத்துக் கேட்பாள். அக்காவின் மூஞ்சி கடலுக்கு அந்தப் பக்கம் இருந்தது. தெருவின் மூஞ்சி தலைக்கு மேலே தொங்கியது.

அவர் தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"இன்னும் இல்லம்மா," என்றார், தெருவுக்கே கேட்கும்படி. "பையன் சொந்தம்தான். ஆனாலும் நாலு இடத்துல விசாரிக்கணும் இல்ல? விசாரிக்காம பொண்ணைக் கொடுத்துடற ஆளா நான்?"

"அதுவும் சரிதான்," என்றாள் தங்கம். "உங்களைப் பத்தித் தெரியாதா?"

பாக்கியலட்சுமி கதவைத் திறந்தாள்.