சம்மனசின் பார்வை

கடுகண்ணாவைக் கத்தோலிக்கக் கோவிலில் ஆண்கள் வலப்பக்க வாங்குகளில் உட்காருவார்கள், பெண்கள் இடப்பக்க வாங்குகளில். பீடத்துக்கு மேலே புதிதாக மாட்டிய மரணச் சம்மனசின், உயிரெடுக்க வரும் தேவதூதனின், படத்தால் இரண்டு பக்கமும் முட்டிக்கொண்டன. இறக்கை விரித்த சம்மனசு வந்த வேலையை முடித்துத் திரும்பிப் போகிறது என்றார்கள் ஆண்கள். இல்லை, இப்போதுதான் வருகிறது, படத்தைக் கழற்றுங்கள் என்றார்கள் பெண்கள்.

இரு தரப்பையும் எழுதித் தரும்படி சுவாமியார் சுவக்கின் மாஸ்டரைக் கேட்டார். வாதம் எழுதுவதில் தன்னை மிஞ்சக் கண்டியிலேயே ஆளில்லை என்று மாஸ்டருக்கு நினைப்பு. ஆண்கள் தரப்புக்கு மூன்று பக்கம் எழுதித் தள்ளினார். பெண்கள் தரப்புக்கு ஒரே வரி: 'பெண்கள் தங்கள் உயிருக்குப் பயப்படுகிறார்கள்.'

"எங்க பக்கம் ஒருக்கா உக்காந்து பார்த்துட்டு எழுதுங்களேன்," என்றாள் மனைவி ஐரின்.

"பொம்பளைங்க வாங்குலயா? ஊரே சிரிக்கும்."

சுவாமியார் வாசித்துப் பார்த்து, படம் இருக்கட்டும் என்றுவிட்டார்.

பிறகு ஊரில் காய்ச்சல் பரவியது. ஆண்கள் பக்கம் முதல் வாங்கில் இருக்கும் லோரன்ஸ் செத்தார். அடுத்த மாதம் இரண்டாம் வாங்கு மரியநாயகம். காய்ச்சலுக்கு ஆள் சாவது புதுமையா என்றார் மாஸ்டர். ஐரின் அவர் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

"நாளைக்கு மூணாவது வாங்குல இருக்காதீங்க. ஏன்னு கேக்காதீங்க. எங்க பக்கம் போய்ப் பாருங்க."

அன்று சனிக்கிழமை மத்தியானமே, ஆளில்லாத கோவிலில், திருடனைப்போலச் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஐரினின் இடத்தில் உட்கார்ந்தார். அவர் பக்கத்திலிருந்து இத்தனை நாளும் இறக்கையும் முதுகும்தான் தெரிந்தன. அதே படத்தில் இங்கிருந்து முகம் தெரிந்தது. அந்தக் கண்கள் பெண்கள் பக்கத்தைப் பார்க்கவில்லை. எதிர்ப்பக்கம் மூன்றாம் வாங்கை, அவருடைய இடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தன.

வருகிறது என்று அத்தனை பெண்கள் சொல்லியும், யாரிடம் வருகிறது என்று அவர் ஒருத்தியிடமும் கேட்கவில்லை. பயத்துக்கு முன்னால் வெட்கம்தான் அவரைப் பிடுங்கித் தின்றது.

படத்தைக் கழற்றச் சொல்லி சுவாமியாரிடம் ஓடினார். சுவாமியார் அந்த மூன்று பக்கத்தை எடுத்து நீட்டினார்.

"இதுக்கு மேல யார் என்ன சொல்ல முடியும், மாஸ்டர்? நீங்களே எழுதினது."

ஞாயிறு பூசைக்கு மாஸ்டர் கடைசி வாங்கில் போய் ஒண்டிக்கொண்டார். பீட மணி அடித்தது. எதிர்ப்பக்கம் ஐரின் தலை நிமிர்த்திப் படத்தைப் பார்த்தாள். அது பார்க்கும் திசையில் அவள் கண்கள் மெல்லத் திரும்பின. மூன்றாம் வாங்கில் நிற்கவில்லை. ஒவ்வொரு வாங்காகப் பின்னால் வந்தன. கையிலிருந்த செபமாலை நழுவ, முக்காட்டுத் துணியால் வாயைப் பொத்திக்கொண்டு அவள் கடைசி வாங்கைப் பார்த்தாள்.

அங்கே மாஸ்டர் மட்டும்தான் இருந்தார்.