ஏழாவது படி

எங்கள் ஊர் ஆற்றுத்துறையின் ஏழாவது படியைப் பார்க்க எங்கெங்கிருந்தோ ஜனங்கள் வருகிறார்கள், கையில் நாவலோடு. செத்துப்போன எழுத்தாளர் தன் கதாநாயகியை அந்தப் படியிலிருந்துதான் ஆற்றில் குதிக்கவைத்தார். கதாநாயகி என் அக்கா. குதித்தாள் என்றது அவர் புண்ணியம். தலைமுடியைப் பிடித்து இழுத்துப்போய்த் தண்ணீரில் முக்கியது அவள் புருஷன். நான் பார்த்தேன். பன்னிரண்டு வயதில் நான் சொன்னது எவன் காதிலும் ஏறவில்லை. புத்தகம் வந்த பிறகு ஊருக்கே அதுதான் சாட்சி.

மச்சான் இப்போது வழிகாட்டி. கழுத்தில் அடையாள அட்டை, கண்ணில் எப்போது வேண்டுமானாலும் கண்ணீர். போன வருஷத்திலிருந்து அந்தக் காட்சியை நடிக்கவைத்தே காட்டுகிறான். அக்கா பெற்ற பெண்ணே, நாவலில் வருகிற அதே பச்சை உடுப்பில் படியிலிருந்து குதிப்பாள். நான் படகில் காத்திருந்து தூக்குவேன். அவளைத் தனியே விட மனசு வராது.

இன்று காலை படகில் உட்கார்ந்தவள், "இனிமே குதிக்க மாட்டேன் மாமா. எல்லார் முன்னாடியும் சொல்லிடப் போறேன்" என்றாள்.

"நான் பேசிக்கிறேன். நீ சும்மா இரு."

"இருபத்திரண்டு வருஷமா நீங்க சும்மா இருந்தது போதாதா?"

செருப்பால் அடித்த மாதிரி இருந்தது.

முப்பது பேர் பார்க்க, ஏழாவது படியில் நின்று சொன்னாள்: "எங்கம்மா குதிக்கல. இவருதான் முக்கினாரு."

மச்சான் சிரித்தான். சிரித்துக்கொண்டே அறைந்தான். முடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்துப்போய்த் தலையைத் தண்ணீருக்குள் அழுத்தினான். அவள் கால்கள் படியில் உதைத்தன.

"என்ன நடிப்புப்பா" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

துடுப்போடு குதித்தேன். முதல் அடி தோளில். பாவி விடவில்லை. இரண்டாவது மணிக்கட்டில், எலும்பு முறிந்தது எனக்கே கேட்டது. விட்டான். அங்கேயே நிறுத்தியிருக்கலாம். வாயில் போட்டேன், காதில் போட்டேன், படியில் சுருண்ட பிறகு முதுகில் போட்டேன். பல் ஒன்று தெறித்து என் காலடியில் விழுந்தது. ஒருவரும் தடுக்கவில்லை. கை தட்டினார்கள். ஒரு அம்மா மட்டும் புத்தகத்தைப் புரட்டியபடி பக்கத்திலிருந்தவரைக் கேட்டாள்: "இந்த ஆள் யாரு? கதையில வரலையே."

இருமிக்கொண்டே எழுந்த அக்கா பெண், ஈர முடியை அள்ளி முடிந்தாள். துடுப்புக்குக் கை நீட்டினாள். போதும் என்கிறாள் போல என்று நினைத்துக் கொடுத்தேன்.

படியில் கிடந்த அப்பன் தலைக்கு மேல் இரண்டு கையாலும் ஓங்கினாள். கைதட்டல் அப்போதுதான் நின்றது.