ராகிக் கஞ்சி வைத்த கதவு

ஜேடர்பாளையம் அணைத் தண்ணீரில் நான் பிடித்த வைரஸ், என் பாக்டீரியாவைத் தின்ன மூன்று மாதமாக மறுத்துக்கொண்டிருந்தது. சனிக்கிழமைக்குள், பாக்டீரியா படர்ந்த கண்ணாடித் தட்டில் வைரஸ் தின்ற ஓட்டை விழாவிட்டால் என் ஆய்வு மேசை தாவரவியல் துறைக்குப் போய்விடும்.

போதாததற்கு, பாக்டீரியாவுக்கு ஊட்டும் குளுக்கோஸும் தீர்ந்துவிட்டது. 1981ஆம் வருடத்துச் சேலம் வெயிலுக்குப் பாதியை நானே கலக்கிக் குடித்திருந்தேன். ஆய்வகத்தில் கண்ணாடி கழுவும் பாவாயி, தன் முளைகட்டிய ராகிக் கஞ்சியைத் தந்தாள். வடிகட்டிக் கொதிக்கவைத்துப் பாக்டீரியாவுக்கு ஊற்றினேன்.

சனிக்கிழமை காலை தட்டு முழுக்கப் பொட்டுப் பொட்டாக ஓட்டை!

“பாவாயி! ஓட்டை விழுந்திருச்சு!”

“ஐயோ, கண்ணாடி ஒடஞ்சு போச்சுங்களா சார்?”

“இல்லம்மா, வைரஸ் உள்ள போயிருச்சு!”

அப்போதுதான் மண்டையில் உறைத்தது. முளைகட்டிய தானியத்தில் ஊறும் மால்டோஸ் சர்க்கரையை உள்ளே விடும் கதவில்தான் இந்த வைரஸ் ஒட்டும். குளுக்கோஸ் கிடைத்தால் பாக்டீரியா அந்தக் கதவையே செய்யாது. கதவில்லாத வீட்டை மூன்று மாதம் தட்டியிருக்கிறேன். பாவாயியிடமும் அப்படியே விளக்கினேன்.

“அப்ப என்ற கஞ்சியக் குடிச்சுப்போட்டுத்தான் கதவு வெச்சுதுங்களா?”

“ஆமா. மேசை இனி நம்முளுதுதான்! இதை ஆய்வுக் கட்டுரையா எழுதப் போறேன்!”

“குளுக்கோச நீங்க குடிச்சதையும் எழுதுவீங்களா?”

கட்டுரையின் நன்றியுரையில் முதல் பெயர் பாவாயி. குளுக்கோஸ் ‘எதிர்பாராமல் தீர்ந்தது’ என்று எழுதிவிட்டேன்.