கூட்டம் இருந்தால் வருகிறேன்

குழந்தையைக் கையில் வாங்கியதும் தொண்டையைச் செருமிக்கொண்டேன். எங்கள் குடும்பத்தில் வேட்பாளர் என்றால் பிள்ளைகளுக்குப் பேர் வைக்க வேண்டும். தாத்தா வைத்தார், நாயனா என்று நாங்கள் கூப்பிடும் அப்பா வைத்தார். தொண்டாமுத்தூர் பக்கம் நடுவயது ஆண்களில் பாதிப் பேருக்குத் தாத்தா வைத்த பேர்தான். நானும் பிரச்சாரம் தொடங்கிய நாளிலிருந்து நல்ல பேராக ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு வீடு வீடாக அலைகிறேன். ஒரு பிள்ளையும் சிக்கவில்லை.

“பேரு வெச்சுப்போடலாங்களா?”

“வெச்சாச்சுங்ண்ணா. ஹாரிகா,” என்றாள் தாய் மௌனிகா, செல்போனைத் தூக்கிப் பிடித்தபடி. “இன்ஸ்டாவுல கூடப் போட்டாச்சு. சும்மா போட்டோவுக்குத்தானுங்க குடுத்தேன். இந்தப் பக்கம் பாருங்க.”

பார்த்தேன். சிரித்தேன். “ஓட்டு நமக்குத்தானுங்களே அம்மணி?”

“அதெல்லாம் போட்டுப்போடலாமுங்க. மொதல்ல காப்பி குடிங்க.”

இந்த ஊரில் ஒரு மனுஷன் வாயிலிருந்து முடியாது என்ற வார்த்தையைப் பிடுங்க முடியாது. எல்லோரும் வாங்க என்கிறார்கள், உட்காருங்க என்கிறார்கள், காப்பி தருகிறார்கள். போன தேர்தலிலும் இதே காப்பிதான். டெபாசிட் போனது. தாத்தா வேங்கடசாமி மூன்று தடவை எம்.எல்.ஏ. நாயனா இரண்டு தடவை. அப்புறம் நான், சசிதர். மகன் ரோஹனுக்கு வாக்காளர் பட்டியலிலேயே பேர் இல்லை. எங்கள் மில்லை மூடி எத்தனையோ வருஷமாகியும் நரைத்த தலையோடு நான் ஊருக்கு இன்னும் ‘சின்ன மொதலாளி’.

எனக்கு அன்று வேண்டியிருந்தது ஓட்டுகூட இல்லை, ஓர் உண்மை. பக்கவாதம் வந்து வாய் ஒரு பக்கம் இழுத்துக்கொண்டதிலிருந்து நாயனா வாசல் தாண்டவில்லை. மறுநாள் தொண்டாமுத்தூர் சந்தைத் திடலில் எங்கள் கூட்டம். “கூட்டம் இருந்தா சொல்லு, வரேன். இல்லேன்னா என்னை அங்க கொண்டு போய் நிறுத்தாதே,” என்று தெலுங்கில் குழறிச் சொல்லியிருந்தார். சொல்லிவிட்டு, வெள்ளைச் சட்டையை அயர்ன் பண்ணவும் கொடுத்துவிட்டார். காலித் திடலுக்கு அவரைக் கூட்டிப்போவதா, கூட்டமே வராது நாயனா என்று அந்தச் சட்டைக்கு முன்னால் நின்று சொல்வதா? எங்கள் கட்சிக்காரர்களைக் கேட்டால் மாநாடு மாதிரி இருக்கும் என்கிறார்கள். அதைச் சொல்லும்போது ஒருவரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை.

கடைசியில், என்னைத் தோற்கடிக்கப் போகிறவரிடமே போனேன்.

அழகிரிசாமி தேங்காய் மண்டிக்காரர். அவர் அப்பா எங்கள் மில்லில் வேலை பார்த்தவர். இவருக்குப் பேர் வைத்தது என் தாத்தா. மண்டிச் சுவரில் தாத்தா மடியில் மொட்டைத் தலையோடு இவர் இருக்கும் போட்டோ. பிரச்சார நோட்டீசிலும் அதே போட்டோதான். எனக்குத் தாத்தாவோடு அப்படியொரு போட்டோ கிடையாது.

“வாங்க தம்பி,” என்று இளநீர் சீவிக் கொடுத்தார். காப்பி இல்லாததே எனக்குப் பெரிய ஆறுதல்.

“நாளைக்கு எங்க கூட்டத்துக்கு ஆளு வருமாங்க?”

அரிவாளைக் கீழே வைத்தார். “வராதுங்க தம்பி.”

ஒரு மாதத்தில் கிடைத்த முதல் நேரான பதில். கட்டிக்கொள்ளலாமா என்று தோன்றியது. அடிக்கலாமா என்றும் தோன்றியது.

“தாத்தா ஆஸ்பத்திரி கொண்டாந்தாரு. நாயனா ரோடு போட்டாரு...”

“அதுக்கெல்லாம் நாங்களும் ஓட்டுப் போட்டமுங்களே. போன வருசம் யானை தோப்புல பூந்து மரமெல்லாம் சாச்சுப்போட்டுது. உங்களுக்குத்தானுங்க மொதல்ல போன் அடிச்சேன். தம்பி அமெரிக்காவுல பையன் ஊட்டுக்குப் போயிருக்குறாருன்னாங்க. மறுக்காவும் அடிச்சேன். அப்புறம் நாமளே நின்னுபோடலாம்னு நின்னுட்டனுங்க.”

பாதி குடித்த இளநீரைக் கீழே வைத்தேன்.

“பெரியவரு வாராருங்களா?” என்று கேட்டார்.

“சட்டை அயர்ன் பண்ணி வெச்சிருக்காருங்க.”

சுவரிலிருந்த போட்டோவைப் பார்த்தார். பிறகு, லோடு ஏற்ற நேரம் சொல்வது போலச் சொன்னார். “எங்க கூட்டம் அதே திடல்ல அஞ்சரைக்குங்க. நீங்க நாலுக்கு வெச்சுப்போடுங்க. எங்க ஆளுகளை முன்னாலயே வந்து நிக்கச் சொல்றேன். கட்சித் துண்டைக் கழட்டி வெச்சுட்டு வருவாங்க.”

எனக்கு வெட்கம் கொஞ்சம் கம்மி. “அப்ப ஓட்டு?” என்றேன்.

“அது எங்களுக்குத்தானுங்க,” என்று சிரித்தார்.

என்னைத் தோற்கடிக்கிறவன் கொஞ்சம் கெட்டவனாக இருந்திருக்கலாம். காரில் ஏறிக் கதவை ஓங்கிச் சாத்தினேன். அது சரியாக மூடாமல், மறுபடி திறந்து மெதுவாக மூட வேண்டியிருந்தது. அன்று ராத்திரி நாயனாவிடம், “கூட்டம் இருக்கும்” என்றேன். உண்மையைத்தான் சொன்னேன், வாய்தான் கசந்தது.

மறுநாள் நாலு மணிக்குத் திடல் நிறைந்திருந்தது. திறந்த வேனில் நாற்காலி போட்டு நாயனாவை உட்கார வைத்திருந்தோம். நான் எது பேசினாலும் கை தட்டினார்கள். எங்கள் கட்சிக்காரர்களுக்கு எப்போதுமே எங்கே தட்டுவது என்று தெரியாது. இவர்கள் சரியாக அந்தந்த இடத்தில் தட்டினார்கள்.

நாயனா என் கையைப் பிடித்து இழுத்தார். “நீ சொன்னப்போ நான் நம்பலைடா,” என்றார் காதில். அவர் கண்ணைப் பார்க்க முடியாமல் கூட்டத்தைப் பார்த்தேன்.

கூட்டத்துக்குள்ளிருந்து மௌனிகா வந்து, குழந்தையை வேன் மேலே தூக்கி நீட்டினாள். நாயனா நல்ல கையால் வளைத்து மடியில் வாங்கிக்கொண்டார். பேர்தான் வைத்தாயிற்றே என்று சொல்ல வாயெடுத்தேன். அவள் என்னைப் பார்த்து, வேண்டாம் என்பது போல லேசாகத் தலையசைத்தாள்.

“நீங்களே ஒரு பேரு வெய்யுங்க பெரியவரே.”

மைக்கை நாயனாவின் வாய்க்குப் பக்கத்தில் பிடித்தேன். உதடு ஒரு பக்கமாக இழுத்தது, மூடியது, மறுபடி திறந்தது. ஸ்பீக்கரில் வெறும் மூச்சு வந்தது. பின் வரிசையில் அழகிரிசாமி, மடித்த துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு நின்றிருந்தார். ஹாரிகா அயர்ன் பண்ணிய காலரைக் கொத்தாகப் பிடித்துக் கசக்கியபடி, திறந்திருந்த அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.