வரப்போரக் குழி

"எப்பா, மாடத்தி அத்தை தந்த தண்ணிய எப்பத் திருப்பிக் குடுப்போம்?" என்று பேச்சிமுத்துவின் மகள் ஒருமுறை கேட்டாள்.

"தண்ணிய எப்படிட்டி திருப்பிக் குடுக்க?" என்று சிரித்தாலும், கேள்வி அவர் மனத்தை விட்டுப் போகவில்லை.

முன்பொரு கோடையில் அவருடைய எலுமிச்சை மரங்கள் வாடியபோது, பக்கத்துத் தோட்டக்காரி மாடத்தி தன் பருத்தியைக் காயவிட்டுத் தண்ணீரை அவர் பக்கம் திருப்பிவிட்டவள். "பருத்தி அடுத்த வருசமும் வரும் அண்ணாச்சி. மரம் பட்டுப்போனா திரும்புமா?" என்றாள்.

இப்போது அவள் கிணறே வறண்டு கிடந்தது.

கோமதி அம்மனின் ஆடித்தபசுத் திருவிழா பார்க்க ஊரே சங்கரன்கோவிலுக்குப் போயிருந்த நாளில், பேச்சிமுத்து அவள் கிணற்றை ஒட்டிய தன் வரப்போரம் ஆழக் குழி வெட்டி, ஜல்லி கொட்டி, தன் நிலத்து மழைநீர் அதில் இறங்க வாய்க்கால் இழுத்தார்.

ஐப்பசி மழைக்குப் பின், "கோமதி அம்மன் புண்ணியம், கெணறு ஊறுது அண்ணாச்சி" என்றாள் மாடத்தி.

"ஆமா தாயி" என்று அவரும் கும்பிட்டுக்கொண்டார்.