மிலோய்கோவுக்கு ஒரு வரிசை

1.

இந்தக் கதை ஒரு பரீட்சைக் கேள்வியாகத்தான் பிறந்தது. சாச்சாக் நகரத்துக் கல்லூரியில் கணக்கியல் சொல்லிக்கொடுக்கிறவன் நான். முதலீட்டு மதிப்பீட்டில் உணர்திறன் பகுப்பாய்வு என்று ஒரு பாடம் உண்டு. பெயரைக் கேட்டதுமே பிள்ளைகள் கொட்டாவி விடுவார்கள். விஷயம் என்னவோ சுலபம்தான். தொழிலில் பணம் போடுமுன் கணக்குப் போடுகிறோம், லாபம் என்று வருகிறது. சரி, விலை குறைந்தால்? விலையை மட்டும் அசை, மற்றதையெல்லாம் அப்படியே பிடித்துக்கொள். எவ்வளவு அசைந்தால் லாபம் பூஜ்யமாகிறது என்று பார். பிறகு அதை விட்டுவிட்டு அடுத்ததை அசை. அவ்வளவுதான்.

உதாரணத்துக்கு ஒரு பெண் வேண்டியிருந்தது. ஸ்தோயாங்கா என்று பெயர் வைத்தேன். விதவை, மலைச்சரிவில் ராஸ்ப்பெரி தோட்டம். பறித்த அன்றைக்கே, வாங்குகிறவன் சொன்ன விலைக்குக் கொடுத்துத் தொலைக்க வேண்டும். மறுநாள் அது பழமில்லை, கூழ். அதனால் சொந்தமாகக் குளிர்பதனக் கிடங்கு கட்ட அவளுக்கு ஆசை. வங்கி கடன் தரும். ஈடு, அவள் குடியிருக்கும் வீடு.

(கேள்வித்தாளில் வீட்டைச் சொல்ல வேண்டிய அவசியமே இல்லை. கை தவறி எழுதிவிட்டேன். அதற்கப்புறம் அவள் கேள்வித்தாளில் அடங்க மறுத்துவிட்டாள்.)

2.

தொடக்கம், முதல் முயற்சி: "பனி கொட்டிக்கொண்டிருந்த அந்த மாலையில், ஸ்தோயாங்கா ஜன்னலருகே நின்று வெகுதொலைவில்—"

வேண்டாம். கதைகளில் ஜன்னலருகே நிற்கும் பெண்களை யாராவது உட்காரச் சொன்னால் தேவலை.

இரண்டாம் முயற்சி. அவள் என் பக்கத்து வீடு என்று வைத்துக்கொள்வோம். கணக்கை என்னிடம் கொண்டுவருகிறாள், நான் அட்டவணை போட்டுத் தருகிறேன். பழத்தின் விலை எட்டு சதவீதம் இறங்கினால் லாபம் போச்சு. வரும் பழத்தின் அளவு பதினைந்து குறையும்வரை பிழைக்கலாம். கட்டடச் செலவு இருபத்தைந்து ஏறலாம். மின்கட்டணம் அறுபது ஏறினாலும் தாங்கும்.

"அறுபதா? கரண்ட் ஆபீஸ்காரன் காதுல போட்டுராதே வாத்தியாரே, நாளைக்கே ஏத்திருவான்."

"பழம் அத்தனையும் உன் தோட்டத்துதா?"

"பாதிதான். மிச்சம் நம்ம கூம் மிலோய்கோ தர்றாரு."

கூம் என்றால், அவள் கல்யாணத்துக்குச் சாட்சி நின்றவர், அவள் மகளின் ஞானஸ்நானத்தில் பெயர் வைத்தவர். ரத்தத்தில் வராத உறவு, ரத்தத்தை விடக் கெட்டி. அவர் அவளைக் 'கூமோ' என்பார், அவள் அவரைக் 'கூமே' என்பாள்.

"அவர் தரலேன்னா?"

அவள் காபிக் கோப்பையைக் கீழே வைத்தாள். "கூம் என்ன சட்டைப் பொத்தானா, பிச்சுப் பாத்துட்டு மறுபடி தைக்கிறதுக்கு? அதை மட்டும் எழுதினே, இந்த வீட்டுப் படி ஏறாதே."

எழுதவில்லை. நானும் இந்த ஊர்க்காரன்தானே. மின்சாரத்தைச் சந்தேகப்படலாம், வானத்தைச் சந்தேகப்படலாம். கூமின் பெயருக்கு நேரே ஒரு சதவீதம் எழுத இங்கே யாருக்கும் கை வராது. அவர் தரும் பாதியை 'மாறாதவை' பக்கம் தள்ளிவிட்டுக் கூட்டலை முடித்தேன்.

3.

இந்த மிலோய்கோவை என்ன செய்வது என்று எனக்கே பிடிபடவில்லை. சரி, பாடத்தின் வித்தையைக் கதைக்கும் போட்டுப் பார்ப்போம் என்று உட்கார்ந்தேன். ஒன்றை மட்டும் அசை.

அவரைக் கெட்டவராக்கினேன், மற்றது அப்படியே. பழத்தை வேறு யாருக்கோ விற்கிறார், ஸ்தோயாங்காவின் வீடு ஏலத்துக்குப் போகிறது. நீங்கள் அவரை நாலு திட்டுத் திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கப் போவீர்கள். கதை படுத்துவிட்டது.

உத்தமராக்கினேன். பழம் வந்தது, கிடங்கு நிறைந்தது. அதற்குக் கதை எதற்கு? வங்கி விளம்பரம் போதுமே.

கடைசியில் சாதாரண மனிதராகவே விட்டுவிட்டேன். அறுபதைத் தாண்டியவர், முழங்கால் வலி, ஒரு விஷயத்தைச் சொல்ல ஊரெல்லாம் சுற்றிவளைக்கிறவர்.

4.

புனித நிக்கோலஸ் நாள். ஸ்தோயாங்கா குடும்பத்தின் காவல் புனிதர் அவர். அன்றைக்கு எங்கள் பக்கம் யாரையும் அழைப்பதில்லை. வரவேண்டியவர்கள் தாமாக வருவார்கள். நோன்புக் காலம் என்பதால் இறைச்சி கிடையாது, மீனும் வேகவைத்த பீன்ஸும். மேசை நடுவில் மெழுகுவர்த்தி. வங்கியில் கையெழுத்து வரும் திங்கட்கிழமை. சாப்பாட்டின் நடுவே, மாப்பிள்ளை போட்டோ காட்டுகிற மாதிரி, அட்டவணையை மிலோய்கோ முன் வைத்தாள்.

அவர் கண்ணாடி போட்டுக்கொண்டு விரலை ஓட்டி ஓட்டிப் படித்தார்.

"கரண்டுக்கு ஒரு வரிசை இருக்கு. சிமெண்டுக்கும் இருக்கு. நான் எங்கே, கூமோ?"

"உங்களைப் போய் எப்படி எழுதுறது கூமே? நீங்க அசையாதவரு."

"அசையாம இருக்க நான் என்ன கல்லறைக் கல்லா?"

நான் பீன்ஸைப் பார்த்தேன்.

"பையன் வெளிநாட்டுல, லின்ஸ்லேருந்து போன் மேல போன் போடுறான். செடியைப் பிடுங்கிட்டு நிலத்தை வித்துட்டு இங்கயே வந்துருன்னு. முட்டியும் அதையேதான் சொல்லுது. கோடைலேருந்து காத்துக்கிட்டு இருக்கேன், ஒரு வார்த்தை கேப்பீங்க, சொல்லிரலாம்னு. நீங்க கேக்கவே இல்ல. கேக்காதவங்ககிட்ட கூம் வாயைத் திறந்து மாட்டேன்னு எப்படிச் சொல்லுவான்?"

(பாடப்புத்தகத்தில் இதற்கு ஒரு வாக்கியம் இருக்கிறது: 'மாறிகள் ஒன்றையொன்று சார்ந்திருப்பதை இம்முறை கருதுவதில்லை.' பிள்ளைகள் மனப்பாடம் செய்து இரண்டு மதிப்பெண் வாங்குவார்கள். நானும் அப்படித்தான் வாங்கினேன்.)

ஸ்தோயாங்காவின் முகம் வெளுத்துவிட்டது. பார்க்கவே பாவமாக இருந்தது. எழுதியவன் நான், எனக்கே அவளை எழுந்துபோகச் சொல்ல மனம் வந்தது. அவள் போகவில்லை. என் சட்டைப்பையிலிருந்து பேனாவை உருவினாள். மின்சாரத்துக்குக் கீழே ஒரு கோடு போட்டாள், மிலோய்கோ என்று எழுதினாள், எண்ணுக்கான இடத்தைக் காலியாக விட்டு, தாளை அவர் பக்கம் திருப்பினாள்.

"இப்ப கேக்கறேன் கூமே. பழம் தருவீங்களா, மாட்டீங்களா? எதைச் சொன்னாலும் சாப்பிட்டுட்டுத்தான் போகணும்."

5.

முடிவுகள் எழுதிப் பார்க்காமல் இல்லை.

'தர்றேன்' என்கிறார். அவள் வீட்டுக்காக அந்த முழங்காலோடு இன்னும் எத்தனை கோடை சரிவில் இறங்குவார்? அவர் ஏறி இறங்குவதை அவள் எப்படிப் பார்த்துக்கொண்டிருப்பாள்?

'மாட்டேன்' என்கிறார். வீடு தப்பியது. கிடங்கும் இல்லை, வாங்குகிறவன் சொன்னதே விலை, அவள் சாகும்வரை.

'பாதி தர்றேன்' என்கிறார். எங்கள் ஊரில் மரியாதை தெரிந்தவர்கள் சொல்லும் பதில் இதுதான். பாதியில் பாதி போனால் மொத்தத்தில் கால் பங்கு குறையும். அட்டவணை தாங்குவது பதினைந்து சதவீதம்தான். வீட்டை விழுங்கப்போவது இந்த மரியாதைதான், அதையும் அவள் நன்றி சொல்லி வாங்கிக்கொள்வாள்.

மூன்றிலும் நான் அவர் பதிலை மட்டும்தான் அசைத்தேன். மற்றதைப் பிடித்து வைக்கப் பார்த்தேன், நிற்கவில்லை. ஆகவே—

உங்கள் கணக்கிலும் வரிசை போடாமல் விட்ட ஒருவர் இருப்பார். அசையமாட்டார் என்று நீங்களே முடிவுகட்டிக் கேட்காமல் விட்டவர். முதலில் போய் அவரிடம் கேளுங்கள். கேட்டுவிட்டு வந்து அந்தக் காலி இடத்தை நிரப்புங்கள். திங்கட்கிழமைக்குள் வந்தால் போதும். அதுவரை மிலோய்கோ மீன் சாப்பிட்டுக்கொண்டிருப்பார், ஸ்தோயாங்கா அவர் தட்டில் இன்னொரு துண்டு வைப்பாள்.